எந்தக் கோச்சி?

இந்த வருஷம் பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. முதல் நாள் வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். எவனோ என் காலை மிதித்தான், நானும் எவன் காலையோ மிதித்தேன். பக்கத்துக் கடைக்காரர் தங்கராஜா என் விலாவில் இடித்தார்.

"முப்பது வருஷமா பண்டாரவளைக்கும் பதுளைக்கும் அலைஞ்சீரே ராமாமிர்தம். குதிரை வண்டி, மாட்டு வண்டி, மோட்டார் பஸ்ஸுன்னு ஒண்ணு பாக்கி இல்ல. என்னத்தக் கண்டீர்?"

"இடுப்பு வலியைக் கண்டேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் இன்னொன்றும் கண்டேன். அதைச் சொல்லப் போனால் என் மேல்தான் குற்றம் வரும் என்பதால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

பதுளைக் கடைத்தெருவில் எனக்கு வளையல் கடை. திருச்சியிலிருந்து வந்து இறங்கும் சரக்கு கொழும்பிலிருந்து ரயிலில் வரும். அப்போதெல்லாம் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்குக் குதிரை பூட்டிய கோச்சு உண்டு. உள்ளே துரைமார்கள் உட்காருவார்கள், பின்பலகையில் எங்களைப் போன்றவர்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு தடவை போய் வருவேன். யாரிடமும் பேச்சுக் கொடுக்க மாட்டேன். பேச்சுக் கொடுத்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகு கொஞ்சம் நகரச் சொல்வார்கள், கடைசியில் தங்கள் மூட்டையை நம் மடியில் வைத்துவிடுவார்கள். கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில், அதோடு முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று வைத்திருந்தேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தும் இருந்தேன்.

பண்டாரவளைக்கு ரயில் வந்து நாலாவது வருஷம், ஐப்பசி மழை. முந்தின நாள் ரயிலில் சரக்கோடு வந்து இறங்கி, ராத்தங்கி, மறுநாள் கோச்சில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு ரயில் நேரத்துக்கு வரவில்லை. அப்புத்தளைக்கு அந்தப் பக்கம் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். கோச்சுக்காரன் ரயிலுக்காகக் காத்துக்காத்துப் பார்த்தான். குதிரைகள் மழையில் நின்று உடம்பெல்லாம் ஆவி பறந்தது. இனியும் நின்றால் இருட்டுவதற்குள் மலை இறங்க முடியாது என்று புறப்பட்டுவிட்டான். அப்படிப் புறப்படும்போதுதான் ஒரு துரை வந்தான், இரண்டு நாய்களோடு. துரை உள்ளே ஏறினான். நாய்கள் என் இடத்தில் ஏறின.

நான் கத்தினேன். கோச்சுக்காரன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் இடத்தைப் பிடித்தவர்கள் இன்னும் யாராவது உண்டா என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. வண்டி போயே போய்விட்டது.

வேறு வழியில்லாமல் ஜுனைதீனுடைய மாட்டு வண்டியைப் பேசினேன். அவர் ரயிலில் வரும் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவேன் என்றார். ஆக நானும் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ஸ்டேசன் கொட்டகையில் என் வளையல் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு எரிந்தது, அதைவிட மனசு எரிந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

தோட்டத்துப் பெண். முப்பது வயது இருக்கும். தலையில் கம்பளி, முழங்கால் வரை சேறு, கையில் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. மனுசர் முகத்தைப் பார்க்குமுன் கையைப் பார்ப்பது என் தொழில் புத்தி. இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல், கைக்கு ஆறு, புதுசு.

"சாமி, கோச்சி வந்துருச்சுங்களா?"

"வந்து போயாச்சு."

அவள் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"எப்பங்க?"

"ஒரு மணி நேரம் ஆச்சு."

"காலையில பெரட்டுல ஆளு எண்ணுறப்ப பேர் குடுத்துட்டு, கங்காணிகிட்ட கெஞ்சிட்டு வர நேரமாயிருச்சுங்க சாமி. அந்தக் கோச்சியில கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு ஒரு ஆளு இருந்துச்சுங்களா? ஒசரமா, ஒல்லியா?"

எனக்கு நாய்கள் நினைவுக்கு வந்தன.

"எனக்கே அதுல எடமில்ல. கண்ணுல கட்டுப் போட்டவனுக்கு எங்க எடம்? அப்படி யாரும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா சாமி?"

"ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். இல்லைன்னா இல்லதான்."

"இன்னைக்கு வேற கோச்சி இருக்குங்களா?"

"கிடையாது."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.  அழுவாள், தொந்தரவு பண்ணுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. குனிந்து அந்தப் பொட்டலத்தை என் பக்கத்தில் பெட்டியின் மேல் வைத்தாள்.

"நீங்க சாப்புடுங்க சாமி" என்றாள்.

வந்த வழியே திரும்பி நடந்தாள். வரும்போது ஓடி வந்தவள் போகும்போது அடி எண்ணி வைப்பது போல நடந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தேன். நாலு ரொட்டி, மேலே தேங்காய்ச் சம்பல். நான் சாதி பார்க்கிறவன்தான். அன்றைக்குப் பசி அதைப் பார்க்க விடவில்லை. நாலையும் தின்றேன்.

அவள் போய் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ரயில் வந்தது. இறங்கியவர்கள் கொஞ்சம் பேர். கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு ஆளைக் கார்டு கையைப் பிடித்து இறக்கிவிட்டான். உயரம், ஒல்லி. கண்கள் இரண்டின் மேலும் வெள்ளைத் துணிக்கட்டு, கையில் ஒரு கம்பு. இறங்கியவன் நகரவில்லை. இறக்கிவிட்ட இடத்திலேயே, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு நின்றான். சனம் எல்லாம் கலைந்து போன பிறகும் அப்படியே நின்றான்.

"பெரியாயி" என்று கூப்பிட்டான். சத்தமாகக்கூட இல்லை.

அந்தப் பெண் கேட்ட ஆள் இவன்தான். இருந்தாலும் விஷயம் முழுசாகப் பிடிபடவில்லை. கிட்டே போனேன்.

"யாரைத் தேடுற?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்க. கோச்சி வர்றப்ப வந்து நிப்பேன்னு சொல்லி விட்டுச்சு. கோச்சி வந்துருச்சு, அதக் காணோம்."

கோச்சி. அவன் கம்பால் பின்னால் நின்ற ரயிலைத் தட்டிக் காட்டித்தான் சொன்னான்.

தோட்டத்து ஆட்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள். இந்தத் தீவுக்கு வந்து கற்றுக்கொண்ட பேச்சு. எங்கள் கடைத்தெருவில் ரயிலை ரயில் என்றுதான் சொல்வோம், கோச்சு என்றால் குதிரை வண்டி. அதற்காக அவர்கள் பேச்சு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நூறு தடவை காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கு என் காதில் என்னை விட்டுவிட்டுப் போன கோச்சு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவனை உட்கார வைத்து விசாரித்தேன். பெயர் ரெங்கசாமி. தெமோதரைக்கு மேலே கருங்காட்டுத் தோட்டம். பாதை வெட்டப் பாறைக்கு வெடி வைத்தபோது சிதறல் இரண்டு கண்ணிலும் அடித்திருக்கிறது. கொஞ்ச நாள் தோட்டத்திலேயே கட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே போனதும் விஷக் காய்ச்சல். அவன் பிழைப்பது கஷ்டம் என்றே எல்லோரும் நினைத்தார்களாம். பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பியபோது அவனிடம் பெரியாயிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்; வந்து நிற்பதாக அவளும் பதில் சொல்லி விட்டிருக்கிறாள்.

"என்ன சொல்லி விட்டாங்க?" என்றேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காய்ச்சல் விட்டுச்சுன்னா அன்னைக்குக் கோச்சியில ஏத்தி விடுறோம். அந்தக் கோச்சியில வரலைன்னா இனிமே பாத்துக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லி விட்டாங்க."

அன்று வெள்ளிக்கிழமை.

நான் எழுந்து ஜுனைதீனிடம் ஓடினேன். அவர் அப்போதுதான் முதல் மூட்டையை வண்டியில் ஏற்றியிருந்தார். ஓடின ஓட்டத்தில் என் தலைப்பாகை விழுந்தது. விஷயத்தை உளறிக்கொட்டினேன். ஜுனைதீன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஏற்றின மூட்டையைக் கீழே தள்ளினார்.

"உங்க பெட்டி?" என்றார்.

"கெடக்கட்டும்."

"ஏத்துங்க அந்த மனுசன. வழியெல்லாம் பள்ளம் செட்டியாரே. ஒரு பொம்பள மனசொடிஞ்சு தனியா போயிருக்கு."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் நான் பள்ளத்தைத்தான் பார்த்தேன்.

வெற்று வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடியது. மாட்டை இவ்வளவு அடித்து ஜுனைதீனை நான் பார்த்ததில்லை. ரெங்கசாமிக்கு ஒன்றும் தெரியாது. பெரியாயிக்கு வேலை விட்டிருக்க மாட்டார்கள், அதுதான் வரவில்லை என்று அவனே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். ஸ்டேசன் ஆட்கள் நல்லவர்கள், வண்டி வைத்து அனுப்புகிறார்கள் என்றும் சந்தோஷப்பட்டான்.

"கட்ட எப்ப அவுப்பாங்க?" என்று கேட்டேன், எதையாவது பேச வேண்டுமே என்று.

"அவுத்தாலும் ஒண்ணுதாங்க, அவுக்காட்டியும் ஒண்ணுதான். பெரியாயிக்கு இன்னும் தெரியாது" என்றான். பிறகு அவனே சொன்னான்: "கண்ணக் கட்டி லயத்து வீட்டுல போட்டிருந்தப்ப வளையல் சத்தத்த வச்சுத்தான் அது எங்கிட்டு நிக்குதுன்னு கண்டுக்குவேன். அதுக்குன்னே கை நெறையப் போட்டுக்கிச்சு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். நான் குதிரைக் கோச்சைச் சொன்னதையும், அவள் வேறு கோச்சியைக் கேட்டதையும், ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்தேன் என்று சொன்னதையும். ரொட்டியை மட்டும் சொல்லவில்லை.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வாட்டி கேட்டுட்டுப் போயிருச்சா, திரும்பவும் கேட்டுச்சா?" என்றான்.

"திரும்பத் திரும்பக் கேட்டா."

"அப்ப நம்பிருச்சு" என்றான். பிறகு வண்டியின் பக்கத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு காதை ரோட்டுப் பக்கம் வைத்தபடி வந்தான்.

ஐந்தாறு மைல் வந்திருப்போம். பொழுது சாயவில்லை, மழை விட்டு வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. ரெங்கசாமி என் தோளை அழுத்தினான்.

"நிப்பாட்டச் சொல்லுங்க."

மாடுகள் நின்றன. மணிச் சத்தம் அடங்கியது. எங்களுக்குப் பிறகுதான் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம், வழிப்போக்கர் தங்கும் அம்பலத்திலிருந்து ஒரு பெண்குரல்.

"கோச்சி ஏறி வாரேன்னு
சொல்லி விட்ட என் ராசா,
கோச்சி வந்து போயிருச்சே,
கொண்டுவர மறந்துருச்சே."

"என்னையத்தான் பாடுது" என்றான் ரெங்கசாமி.

தன் ஒப்பாரியைத் தானே கேட்ட மனுசனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.  இறங்கினான். கையைப் பிடிக்கப் போன என்னை விலக்கிவிட்டுக் கம்பைத் தட்டித் தட்டிக் குரல் வந்த பக்கம் நடந்தான். நான் பின்னாலேயே போனேன். உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்றிருந்தது எனக்கு.

அம்பலத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். ரோட்டோர ஓடையில் தலை முழுகியிருக்கிறாள். தலைமுடி அவிழ்ந்து ஈரம் சொட்டியது. படிக்கல்லில் பச்சைக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி விற்றவன் நான், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடது கை வெறுமையாக, மணிக்கட்டில் ரத்தம் கீறிக் கிடந்தது. வலது கையில் ஆறு வளையலும் அப்படியே இருந்தன.

அவனைப் பார்த்ததும் பாட்டு நின்றது. எழுந்தாள். ஆனால் கிட்டே வரவில்லை. செத்துப் போனவன் நடந்து வந்தால் யார்தான் கிட்டே போவார்கள்?

குரல் நின்றதும் ரெங்கசாமியும் நின்றுவிட்டான். கம்பைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினான்.

"பெரியாயி, எங்கிட்டு நிக்கிற? நான் வந்துட்டேன். காய்ச்சல் விட்டுருச்சு. எங்கிட்டு நிக்கிற புள்ள?"

அவள் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். பிடித்தது அவளுடைய இடது கை. அவன் அந்தக் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தடவினான். சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"யாரு நீ?"

அவள் வலது கையைத் தூக்கி அவன் காதோரம் கொண்டுபோய் ஆட்டினாள். ஆறு வளையலும் குலுங்கின. அவன் கம்பு கீழே விழுந்தது. இரண்டு பேரும் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜுனைதீன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு முகத்தை மாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு மறைத்துக்கொள்ள இடமில்லை, நின்று அழுதேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே சாமி..."

"நான் குதிரைக் கோச்சச் சொன்னேம்மா."

"நான் எங்க ஆளு வர்ற கோச்சியக் கேட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. 

வண்டியில் ஏறப் போகும்போது ரெங்கசாமி கேட்டான்: "ரொட்டி கொண்டாரேன்னு சொல்லி விட்டியே. காலையிலேருந்து அத நெனச்சுக்கிட்டே வந்தேன். கொண்டாந்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லங்க" என்றாள். "பெரட்டுக்குப் போற அவசரத்துல சுட முடியல. லயத்துக்குப் போயிச் சுட்டுத் தாறேன்."

அந்த ஒரு பொய்யை அவள் எனக்காகச் சொன்னாள். என்னால் தாலியை இழந்துவிட்டதாக மூணு மணி நேரம் நம்பியவள் சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

என் தோள்பையில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு கட்டு வளையல் இருந்தது. பச்சைதான். தெமோதரைப் பாதை பிரியும் இடத்தில் அவர்கள் இறங்கும்போது நீட்டினேன்.

"இந்தக் கைக்குப் போட்டு விடுறேம்மா."

அவள் கையை நீட்டவில்லை. தயங்கிப் புருஷனைப் பார்த்தாள், அவன் பார்க்க முடியாது என்பது மறந்து. வண்டியில் வரும்போதே கண் விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தான்.

"வேணாங்க சாமி" என்றான் ரெங்கசாமி. "ஒரு கையில சத்தம் இருக்கட்டும், ஒரு கையில வேணாம். அது எந்தப் பக்கமாத் திரும்பி நிக்குதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் வலது கையால் அவனைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஏறிப் போனாள். வளையல் சத்தம் ரொம்ப தூரம் கேட்டது.

பிறகும் பதுளையில் அவர்களைப் பார்த்திருக்கிறேன், திருவிழாக்களில், சந்தை நாட்களில். எப்போதும் அவள் வலது கை நிறைய இருக்கும், இடது கை வெறுமையாக இருக்கும். வளையல் கடை வாசலில் அந்தக் கையோடு கடந்து போவாள். என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். நான் எழுந்து நிற்பேன்.

முதல் ரயில் பார்க்கப் போன அன்றைக்கும் கூட்டத்தில் எனக்குப் பின்னால் ஒரு தோட்டத்துப் பெண் வந்து நின்றாள். சின்ன வயசு. இடித்துப் பிடித்து முன்னே வந்து மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அய்யா, கோச்சி வந்துருச்சுங்களா?"

"எந்தக் கோச்சிம்மா?" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

"இருக்கிறது ஒரு கோச்சிதானேங்க!"

"சரிதான்" என்றேன். நகர்ந்து அவளுக்கு என் இடத்தைக் கொடுத்தேன். "அதுல யாரும்மா வர்றா?"